துண்டுக்கு அடியில் ஒரு தொகுதி

தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கும்போதே வெள்ளக்கல் தொகுதியில் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, பல் விளக்கக் குழாயடிக்குப் போனவர்கள், மாட்டு மடிக்குக் கீழே சொம்பை வைத்துக் குந்தியவர்கள், பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர்கள், பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தவர்கள் என்று ஓட்டு உள்ள அத்தனை பேருடைய இடது கை ஆள்காட்டி விரலிலும், நகமும் தோலும் சேருகிற இடத்தில், கருநீலக் கோடு ஒன்று இழுத்திருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளக்கல்காரர்களுக்கும், துபாயில் கட்டடத்து உச்சியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த வெள்ளக்கல்காரர்களுக்கும் அதே நேரத்தில் அதே கோடு விழுந்தது என்று போனில் சேதி வந்தது. ஏன் வந்தது, யார் வைத்தது என்று கேட்பவன் மாடு வாங்க வந்தவன் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். வந்ததை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

ஊர் முதலில் தேய்த்துப் பார்த்தது. எலுமிச்சம்பழத் தோல், பப்பாளிப் பால், மண்ணெண்ணெய், பாத்திரம் விளக்கும் கம்பி நார் எதற்கும் மை அசையவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு சண்டை வந்தது. "யாருக்குடி போட்ட?" என்று புருஷன் கேட்டால், "எனக்கே தெரியல, உங்களுக்கு எங்க இருந்து சொல்ல?" என்று பெண்டாட்டி திருப்பிக் கேட்டாள், ஏனென்றால் ஓட்டுப் போட்டுவிட்டோம் என்பது விரலைப் பார்த்தாலே தெரிந்ததே தவிர, யாருக்கு என்பது ஒருத்தருக்கும் நினைவில் இல்லை. அதற்கப்புறம் பழகிப்போனது. கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி வைக்கிறவள் அந்தக் கோட்டையே கொடியின் தண்டாக வைத்து இலைகளைச் சுற்றிலும் போட்டாள். ரேஷன் கடைக்காரர் விரல் வைக்கிற மிஷினுக்கு அடுத்த கையைக் கேட்டார். தாலுகா ஆபீசிலிருந்து, தேர்தல் அன்றைக்கு எல்லோருக்கும் நடுவிரலில் மை வைக்கப்படும் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சனங்கள் அதைப் படித்து, சரிதான் என்று தலையாட்டிவிட்டுச் சந்தைக்குப் போனார்கள்.

பழனியாண்டிக்கு மட்டும் மை வரவில்லை.

பழனியாண்டி வெள்ளக்கல் மாட்டுச் சந்தையில் தரகன். லாரியிலிருந்து இறக்குகிற மாட்டுக்குக் கயிறு பிடிக்கிறவனாக வந்து, கொம்பில் குத்துப்பட்டு, வியாபாரிகளிடம் அறைபட்டு, பல்லைப் பிடித்து வயசு சொல்லவும் நடையைப் பார்த்து நோய் சொல்லவும் தானே கற்றுக்கொண்டு, ஒருத்தன் தயவும் இல்லாமல் மேலே வந்தவன். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கட்சியில் ஒன்றியச் செயலாளர். அதனால் கட்சிக்காரர்கள் கூப்பிடுகிறபோது "ஒன்றியம்" என்பார்கள், மாவட்டச் செயலாளரை "மாவட்டம்" என்பதைப் போல. முப்பது வருஷமாக மைதா மாவு காய்ச்சிப் போஸ்டர் ஒட்டியவன், தடியடியில் முழங்கால் சில்லு நகர்ந்து இன்றைக்கும் மழை வந்தால் நொண்டுகிறவன். ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளராக வேண்டும் என்று தலைமைக்கு மனுப் போடுவான். ஒவ்வொரு தேர்தலுக்கும் வேறொருத்தன் பெயர் வரும், அவனுக்கும் இவனே போஸ்டர் ஒட்டுவான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீதியே விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவன் கதவைச் சாத்திக்கொண்டு தன் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கயிறு உரசிக் காய்ப்பேறிய வெறும் விரல். ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் இல்லை என்பது, ஊருக்கெல்லாம் வந்த பந்தியில் தன் இலையைத் தாண்டிப் போனதைப் போல அவனுக்கு இருந்தது. கட்சி ஆபீசுக்குப் போய், ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த மைப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, தீக்குச்சியால் தொட்டுத் தானே ஒரு கோடு போட்டுக்கொண்டான். அது குளித்தால் போய்விடும். ஆகவே தினமும் குளித்துவிட்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால் விபூதி பூசுகிற நேரத்தில், விரலுக்கும் பூசினான். அதைக் கவனிக்க வீட்டில் ஆள் கிடையாது.

அவன் பெண்டாட்டி மருதாயி திருப்பூரில் மகள் கோமதி வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. போனதற்குக் காரணம் ஒரு பசுமாடு. செவலை என்று பெயர் வைத்து, கன்றிலிருந்து மருதாயி வளர்த்தது. அவள் குரலைக் கேட்டால்தான் பால் சுரக்கும். வெள்ளக்கல் சந்தையில் வாயால் விலை பேச மாட்டார்கள். தரகன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு நீட்டுவான். விற்கிறவன் அதற்கு அடியில் கையை நுழைப்பான். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைப் பிடிக்கிறோம், எப்படி அமுக்குகிறோம் என்பதில் விலை ஏறும், இறங்கும், முடியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படித்தான் ஒரு சாயங்காலம் பழனியாண்டி தன் வீட்டுத் தொழுவத்தில், மருதாயி செவலைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு கேரளத்து வியாபாரியோடு துண்டுக்குள் பேசி முடித்தான். அவள் வந்த ஆளுக்கு மோர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். லாரி வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"என் கண்ணு முன்னாடியே வித்துருக்கீங்க, எனக்குத் தெரியாம," என்றாள் மருதாயி. அழவில்லை. மறுநாள் பையோடு கிளம்பும்போது, வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்: "இந்தக் கையை நம்பி ஒருத்தரும் கை குடுக்க மாட்டாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

அந்தச் சொல்தான் அவனைத் தின்றது. கட்சி ஒரே ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிவிட்டால், ஊர் ஒரே ஒரு தடவை தன் பெயருக்கு நேரே பொத்தானை அமுக்கிவிட்டால், அந்தச் சொல்லை அப்படியே திருப்பூருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருந்தான். வேட்பாளர் ஆகவேண்டும் என்று அவன் அலைந்ததெல்லாம் இந்த நாலு வருஷத்தில் அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

மை வந்த அன்றைக்கு மகளுக்குப் போன் போட்டான்.

"அம்மாவுக்கும் மை வந்துருக்கா?"

"வந்துருக்குப்பா. எல்லாருக்கும் வந்த மாதிரிதான்."

"என்ன பண்றா?"

"ஒண்ணும் பண்ணல. மாவாட்டிக்கிட்டு இருக்கு. குடுக்கவா?"

"வேணாம் வேணாம். வேலையாயிருக்கேன்," என்று வைத்துவிட்டான். அவன் அப்போது வேலையாக இல்லை.

அந்த வாரச் சந்தையில்தான் அடுத்தது தெரிந்தது. பழனியாண்டியின் துண்டுக்குள் கை விட்டவர்கள் எல்லோரும், மை பட்ட விரல் உள்ளே போனதும் இதமாகச் சுடுகிறது என்றார்கள். அடுப்பைத் தொட்டதுபோல இல்லை. வெயிலில் காய்ந்த துணியை உடுத்திக்கொண்டதுபோல. வெளியே எடுத்தால் ஆறிவிடும். பழனியாண்டியும் அந்தச் சூட்டை உணர்ந்தான், மை வந்ததிலிருந்து மனுசன் விரல் இப்படித்தான்போல என்று எண்ணிக்கொண்டான். அவனுடைய துண்டுதான் சூட்டைக் கிளப்புகிறது என்று சந்தை முடிவு கட்டியது. பச்சைக் கரை போட்ட பழைய துண்டு. எத்தனையோ ரகசியம் குடித்த துணி. விரலில் உள்ள ரகசியத்தையும் அது இழுக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள்கூட வந்து ஒரு நிமிஷம் துண்டுக்குள் விரலை வைத்துவிட்டுப் போனார்கள்.

சேதி மாவட்டத்துக்குப் போனது. மாவட்டத்தின் பெயர் கலியமூர்த்தி. வெள்ளை இன்னோவாவில் வந்து இறங்கி, சாணியை மிதிக்காமல் நுனிக்காலில் நடந்துவந்தார்.

"என்னய்யா ஒன்றியம், உன் துண்டு சுடுதாமே?"

"துண்டு சுடலீங்க. விரல் சுடுது."

"ரெண்டும் ஒண்ணுதான்யா. இங்க பாரு. ஓட்டு விழுந்து முடிஞ்சுபோச்சு. யாருக்கு விழுந்துச்சுன்னு சனத்துக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தலைமையில மூணு பேரு மனு நிக்குது. நீ விரலைப் புடி, நான் காதுல பேரைச் சொல்றேன். எந்தப் பேருக்குச் சுடுதோ அவருக்குத்தான் சீட்டு. இந்தியாவுலயே எவனும் இப்படி வேட்பாளர் எடுத்துருக்க மாட்டான்."

மூன்று பேர் யாரென்று ஊருக்கே தெரியும்: பஸ் முதலாளி தனசேகர், ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிற டாக்டரம்மா, கல்குவாரிக்காரர் ஒருத்தர். பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: "என் பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாக்கலாமுங்க. நானும் மனுப் போட்டுருக்கேன்ல?"

மாவட்டம் வயிறு குலுங்கச் சிரித்தார். கூட வந்தவர்களும், அவர் சிரித்தாரே என்று சிரித்தார்கள்.

"ஏன்யா, தராசுத் தட்டுல தராசையே தூக்கி வைப்பியா? நீ தராசு, ஒன்றியம். நிறுத்துச் சொல்லு, போதும்."

இன்னொருத்தனாக இருந்தால் பழனியாண்டி கன்னத்தில் இறக்கியிருப்பான். மாவட்டம் என்பதால் கோபத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

நிறுத்தான். சந்தையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் கொடைத் திருவிழாவில், நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த இடத்தில், ஒவ்வொருவராகத் துண்டுக்குள் விரலைக் கொடுக்க, மாவட்டம் குனிந்து காதில் பெயரைச் சொல்ல, பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டு சூடு பார்த்தான். பஸ் முதலாளி பெயருக்குச் சுட்டது. டாக்டரம்மா பெயருக்கும் சுட்டது. கல்குவாரி பெயருக்கும் அதே சூடு. விளையாட்டாக மாவட்டம் ஒரு சினிமாக்காரன் பெயரைச் சொன்னார், அதற்கும் சுட்டது. எல்லாம் ஒரே சூடு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. பழனியாண்டி உள்ளதை உள்ளபடி சொன்னான். மாவட்டம் தொடையில் தட்டினார்.

"அப்ப ஓட்டு ஆளுக்கு விழல, கட்சிக்கு விழுந்துருக்கு! எவனை நிறுத்தினாலும் ஜெயிப்போம்!"

எவனை நிறுத்தினாலும் ஜெயிக்கலாம் என்றால், பஸ் வைத்திருக்கிறவரை நிறுத்துவதுதானே கணக்கு. தனசேகர் பெயர் டிவியில் கீழே ஓடியது. பழனியாண்டி அதைத் தன் வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்தான்; பிறகு எழுந்து மைதா மாவைக் காய்ச்சப் போட்டான்.

தனசேகர் சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். ஆனால் வேட்பாளரான மூன்றாம் நாளே அவருக்கு, சூடான விரல்களைத் தானே பிடிக்கிற மாதிரி வீடியோ எடுத்து ஊரெல்லாம் போடவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சந்தை நாளில் கேமராவோடு வந்து, பழனியாண்டியின் தோளிலிருந்து துண்டைக் கேட்காமலே உருவி, தன் கையில் விரித்துக்கொண்டு நடுச்சந்தையில் உட்கார்ந்தார். முதல் ஆளாக எருமைக்கார மொக்கராசு விரலைக் கொடுத்தான்.

தனசேகர் முகம் சுருங்கியது. "என்னய்யா, கெண்டை மீனைப் புடிச்ச மாதிரி சில்லுன்னு இருக்கு?"

"என் விரல்தாங்க. மாத்தியா கொண்டாந்துருக்கேன்?"

அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள், பூக்காரி, கருவாட்டுக்காரர், எல்லா விரலும் கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தன. கேமராக்காரன் தானாகவே கேமராவைக் கீழே இறக்கினான். தனசேகர் எழுந்து நின்று கத்தினார்: "துண்டை மாத்திட்டான்யா அந்த மாட்டுத் தரகன்! சீட்டுக் கெடைக்கலங்கிற வயித்தெரிச்சல்ல துண்டை மாத்திட்டான்!"

பழனியாண்டி டீக்கடை வாசலில் நின்றிருந்தான். திருடன் என்று சொன்னாலும் பொறுத்திருப்பான். தன் துண்டைக் குறை சொன்னது பொறுக்கவில்லை. கையிலிருந்த கிளாஸை அப்படியே விட்டெறிந்துவிட்டு, டீ மாஸ்டர் பாத்திரம் துடைக்கிற கரித்துணியைப் பிடுங்கிக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கி வந்து, மொக்கராசுவின் கையை அந்தக் கரித்துணிக்குள் இழுத்துப் பிடித்தான்.

"எந்தத் துணியா இருந்தா என்னய்யா? சொல்லு மொக்கராசு. சுடுதா, இல்லையா?"

"அய்யோ, சுடுதப்பா. மெதுவாப் புடி."

"இப்ப அவர்ட்ட குடு. இதே துணியில."

கொடுத்தான். குளிர்ந்தது. மறுபடி பழனியாண்டி பிடித்தான். சுட்டது. துணி மாறவில்லை, விரல் மாறவில்லை. பிடித்த கை மட்டும்தான் மாறியது. அதைப் புரிந்துகொள்ள வெள்ளக்கல் சந்தைக்கு ஒரு எருமை காதை இரண்டு தடவை ஆட்டுகிற நேரம் பிடித்தது.

மொக்கராசுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏன்யா... உனக்கா போட்டுருக்கேன் நான்? போன சித்திரையில பல்லுப்போன எருமையை இளங்கன்னுன்னு என் தலையில கட்டினியே, அந்த உனக்கா?"

"எனக்கும்தான்யா சுடுது. நான் என்ன பாவம் பண்ணேன்," என்று கருவாட்டுக்காரர் தன் விரலைப் பார்த்துக் கேட்டார்.

பூக்காரி, தன் விரலைக் கண்டிக்கிறவளைப் போல, அதன்மேல் ஒரு அடி வைத்தாள்.

பழனியாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாளும் தான் அளந்த சூடெல்லாம் தன் சூடு. தராசின் தட்டில் உட்கார்ந்திருந்தது தராசேதான். அவன் சிரித்தான். சந்தையில் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த ஆளிடம் கையை நீட்டினான். அந்த ஆள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்தவன் வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டான். அடுத்தவள் முந்தானைக்குள்.

அன்றிலிருந்து வெள்ளக்கல்லில் ஒருத்தரும் அவனுக்கு விரல் கொடுக்கவில்லை. வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. யாருக்குப் போட்டோம் என்பது தனக்கே தெரியாமல் உள்ளே கிடந்த விஷயம். அதை ஒருத்தன் தொட்டதும் தெரிந்துகொண்டுவிடுகிறான் என்றால், அவன் முன்னால் துணியில்லாமல் நிற்கிற கூச்சம் வராதா? சிலர் விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையை அவன் உள்ளங்கையில் வைக்காமல் மேசையில் வைத்துத் தள்ளினார். டீ மாஸ்டர் கிளாஸை மரப்பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். விலை பேசுவதும் செத்துப்போனது. விரல் சுட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி ஒருத்தன் "கட்டாது, முடியாது" என்று முறுக்கிக்கொள்வது? மாடு விற்கிறவர்கள் பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பழனியாண்டி காலியான சந்தைத் திடலில் வேலிக்கல்லில் உட்கார்ந்திருந்தான், துண்டு தோளில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஒரு தொகுதியே அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லை.

மாவட்டம் வந்தார். இந்தத் தடவை சாணியை மிதித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, வணக்கம்ணே. தலைமையில பேசியாச்சு. தனசேகரை வாபஸ் வாங்கச் சொல்லியாச்சு. நீங்கதாண்ணே வேட்பாளர்." பொன்னாடையை அவன் தோளில் போட்டார், கை படாமல்.

முப்பது வருஷம் கேட்டது வந்துவிட்டது. பழனியாண்டி பழக்கதோஷத்தில் கேட்டான்: "பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே."

"ஏதாவது கேளுங்கய்யா. அந்தப் பக்கத்துக்கு இத்தனை, இந்தப் பக்கத்துக்கு இத்தனைன்னு எதையாவது சொல்லுங்க."

"அண்ணே, நெசமாவே ஒண்ணும் வேணாம்."

இழுக்காமல், முறுக்காமல், எழுந்து போவதுபோலப் போக்குக் காட்டாமல் ஒரு பொருள் கைக்கு வந்தால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே ஏதோ கோளாறு இருக்கிற மாட்டைத்தான் அப்படிக் கொடுப்பார்கள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டான்.

ஜீப்பில் ஏறி ஊர் ஊராகப் போனான். வேட்டு வெடித்தார்கள், மாலையைக் கம்பு நுனியில் மாட்டி எட்டத்திலிருந்து கழுத்தில் இறக்கினார்கள், ஆரத்தித் தட்டைக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நிறுத்திச் சுற்றினார்கள். கும்பிட்டவர்கள் விரல்களை மடக்கிக்கொண்டு, இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். யாருடைய முகத்திலும் கோபம் இல்லை. சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டாவெறுப்பாக வந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள், கட்டாயம் மொய் செய்துவிட்டுத்தான் போவார்கள் என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பினால், சாமி படத்துக்கு முன்னால் மைப்பெட்டியும் தீக்குச்சியும் இருந்தன. குளித்துவிட்டு வந்து கோடு போட்டுக்கொள்கிறபோது அவனுக்கு ஒன்று தோன்றும்: தொகுதியில் எல்லா விரலையும் பிடித்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு விரலைத் தவிர. அந்த விரல் குளிர்ந்திருந்தால், இத்தனை சூட்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கோமதிக்குப் போன் போட எடுப்பான், வைப்பான்.

தேர்தல் நாள் வந்தது. தாலுகா ஆபீசில் சொன்னபடி நடுவிரலில் மை வைத்தார்கள். வேட்பாளர்கள் காலையிலேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு, விரலைத் தூக்கிப் போட்டோவுக்குக் காட்டுவது வழக்கம். பழனியாண்டி உள்ளே போகவில்லை. "நல்ல நேரம் பாக்குறாரு," என்று கட்சிக்காரர்கள் சொல்லிச் சமாளித்தார்கள். அவன் பள்ளிக்கூடத்துக்கு எட்டத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பஸ் வந்து நிற்கிற திருப்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெயில் ஏறியது, திருப்பூர் பஸ் ஒன்று வந்தது, அதில் அவள் இல்லை; இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. மத்தியானம் தாண்டி, சாப்பாட்டுப் பொட்டலங்கள் தீர்ந்த பிறகு, பள்ளிக்கூட வாசலிலிருந்தே மருதாயி வெளியே வந்தாள். இவன் பார்க்காமல் எப்போதோ இறங்கி, எப்போதோ வரிசையில் நின்று, ஓட்டும் போட்டுவிட்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. கையில் அதே பை.

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் ஆளுக்கொரு வேலையாக விலகிப் போனார்கள்.

"எப்ப வந்த?"

"காலையிலயே. ஓட்டு இங்கதான இருக்கு."

"சாப்டியா?"

"பஸ் ஸ்டாண்டுல." அவள் அவன் தோளில் கிடந்த பொன்னாடையையும், அதற்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த பச்சைக் கரைத் துண்டையும் பார்த்தாள். "ஊரே உங்களுக்குத்தானாமே. டிவியில சொன்னான்."

இந்த நேரத்துக்காகத்தான் நாலு வருஷம் வைத்திருந்தான். 'பாத்தியா, எல்லாரும் கை குடுத்தாங்க' என்று சொல்லவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. யாரும் கை கொடுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும், கொடுத்தது விரல்கள்தான், அதுவும் துண்டுக்கு அடியில். சொல்லவந்ததை விட்டுவிட்டு, பேச்சு வராதபோது செய்கிறதைச் செய்தான்: துண்டை உருவி, கையின்மேல் போட்டு, அவளிடம் நீட்டினான்.

மருதாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுக்குள்ள வச்சுத்தான செவலையை வித்தீங்க."

அவன் நீட்டிய துண்டை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனான்.

"துண்டை எடுங்க."

எடுத்தான். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கினான், அது நழுவிப் புழுதியில் விழுந்தது, குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. அவன் இடது கை வெயிலில் வெறுமனே நீண்டிருந்தது. மருதாயி பையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இடது கையை நீட்டினாள். அவன் ஆள்காட்டி விரலுக்குப் போனான். அவள் அதை மடக்கிக்கொண்டு நடுவிரலைக் கொடுத்தாள்.

"அந்த விரலு இல்ல மருதாயி..."

"அது எனக்குத் தெரியாம வந்த மை. தூங்கினேன், விடிஞ்சா இருந்துச்சு. செவலை போன மாதிரி. எனக்குத் தெரியாம நடந்தது எனக்கு எதுக்கு? இது இப்ப நானா உள்ள போயி, நானா அமுக்கிட்டு வந்தது. பாக்கணும்னா இதைப் பாருங்க."

பிடித்தான். மை இன்னும் சரியாகக் காயவில்லை. விரல் பச்சைத் தண்ணீரில் கிடந்ததுபோலக் குளிர்ந்திருந்தது. ஈரத்தின் குளிர்ச்சியா, மனசின் குளிர்ச்சியா என்று அவன் தேடினான். முப்பது வருஷமாக விரலைத் தொட்ட மாத்திரத்தில் எதிராளியின் கடைசி விலை என்ன என்று சொன்ன கை, இப்போது ஒன்றும் சொல்லவில்லை. விட்டுவிடலாம் என்று நினைத்தான். விலை ஒத்துவராவிட்டால் விரலை விட்டுவிடுவதுதான் சந்தை வழக்கம். விடவில்லை. குளிரில் பிறந்த கன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்காருவதுபோல, நாலு பேர் பார்க்க, திறந்த வெயிலில், அந்த ஒற்றை விரலைத் தன் முழுக் கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு நின்றான். மருதாயி இழுத்துக்கொள்ளவில்லை. பஸ் வருகிற திருப்பத்தைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டு நிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல," என்றான்.

பெட்டியைத் திறந்து எண்ணிய அன்று வெள்ளக்கல் என்ன சொன்னது என்பதைச் சொல்ல நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தப் பிற்பகலில் நடந்தது இவ்வளவுதான்: கொஞ்ச நேரத்தில் விரல் இளஞ்சூடானது. அது அவளுடைய சூடா, பொத்திப் பிடித்த தன் கையின் சூடு அங்கே போய்த் திரும்பி வருகிறதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திருப்பூர் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அவன் குனிந்து பார்த்தபோது, காலையில் தீக்குச்சியால் போட்டிருந்த பொய்க் கோடு வியர்வையில் கரைந்து போயிருந்தது, அதே இடத்தில் அவள் விரலிலிருந்து ஒட்டிய மை காய்ந்துகொண்டிருந்தது.